ஓட்டுத்திடலில் இருபத்தேழு குழிகள்

எங்கள் குழி ஐந்து மீட்டருக்கு ஐந்து.
மூலைக்கு மூலை ஆணி, ஆணிக்கு ஆணி நூல்.
நாளைக்குப் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் அதிகம்.

அவர் குழிகள் முழ ஆழம்.
தோண்டி, மூடி,
புல்லைக்கூட எடுத்த இடத்திலேயே வைத்திருந்தார்.
மண்ணியாற்றுப் பக்கச் சரிவில் எண்ணினோம்,
இருபத்தேழு.

பெருச்சாளி என்றாள் செண்பகவல்லி,
சல்லடையை நிறுத்தாமல்.
பெருச்சாளி புல்லைத் திரும்ப வைக்காது என்றேன்.

நான்காம் நாள் தானே வந்தார்.
பக்கிரிசாமி. ஷார்ஜாவில் இருபது வருடம் ஏசி மெக்கானிக்.
ஒரு கையில் தட்டு வைத்த நீளத் தடி,
கழுத்தில் ஹெட்போன்,
மறு கையில் திருநீற்றுப் பை.
பைக்குள் பதினோரு செப்புக் காசுகள்.
புளி போட்டுத் துலக்கியிருந்தார்.
பச்சையோடு எழுத்தும் பாதி போயிருந்தது.

எவ்வளவு ஆழம்?
"முழங்கை வரைக்கும். கொஞ்சம் கீழயும்."
எந்த மண்? கருப்பா, மஞ்சளா, சாம்பலா?
"ராத்திரி மேடம். யாரு பாத்தா."
கூட என்ன இருந்தது?
"கூட ஒண்ணுமில்ல. வெறும் ஓடு."

வெறும் ஓடு.
ஊருக்குப் பெயரே அதுதான்.
அந்தத் தடிக்கு ஓடு கேட்காது,
உமி கேட்காது, எலும்பு கேட்காது,
யாரோ கடைசியாக அணைத்துவிட்டுப் போன
அடுப்பின் சாம்பல் கேட்காது.

புதையல் சட்டம் சொன்னேன். தாசில்தார் சொன்னேன்.
எனக்கே பிடிக்காத குரல் எனக்கு வந்தது.
பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர்,
"போன தையில இதே திடல்லேர்ந்து
சூளைக்கு எழுபது லோடு போச்சு.
அப்ப எங்க மேடம் இருந்தீங்க?"
அப்போது நான் சென்னையில்,
அனுமதி கேட்டு
மூன்றாவது நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தேன்.
அதைச் சொல்லவில்லை.

"போட்டுப் பாருங்க" என்று ஹெட்போனை நீட்டினார்.
ஏன் வாங்கினேன்?
தட்டை அசைத்தேன். கொசு இரைச்சல்.
கொசு இரைச்சல்.
சட்டென்று கூர்மையாக ஒரு கூவல்.
பதினாறு வருட சர்வீஸ், நெஞ்சு எகிறிற்று.
மண்டியிட்டு நகத்தாலேயே பறித்தேன்.
அளவுகோல் வைக்கவில்லை, படம் எடுக்கவில்லை.
டிராக்டர் நட்டு.
அவர் சிரிக்கவில்லை. செண்பகவல்லி சிரித்தாள்.

"குடுங்க, இதுக்குன்னு ஒரு வாளி இருக்கு."

மறுநாள் டிவிஎஸ்சில் வந்தது அந்தப் பெயின்ட் வாளி.
காசில்லாத எல்லாம் அதில்:
சோடா மூடி, உடைந்த கொழுமுனை,
யாருடைய கொலுசிலிருந்தோ ஒரு திருகாணி.
அடியில், ஒன்றோடொன்று துரு பிடித்து,
சுண்டுவிரல் தடிமனில் ஆணிகள்.
முப்பதுக்கு மேல். சதுர உடல், மடக்கிய முனை.
ஒன்றில் மட்டும் மரத்தின் நரம்பு
துருவாகவே படிந்திருந்தது.
பலகை மக்கியபின்னும் விடாத பிடி.

"ஒரே எடத்துல மேடம். வரிசையா கத்திச்சு.
ஒரு காசு இல்ல. வெறுத்துப்போய் விட்டுட்டேன்."

இடத்தைக் காட்டச் சொன்னேன்.
திடலுக்குக் கீழே, எங்கள் அனுமதிக்கு வெளியே,
கோதண்டபாணி வயல்.
அவர் நடந்து நடந்து நின்றார்.
நின்ற இடமெல்லாம் நான் கொடி நட்டேன்.
திரும்பிப் பார்த்தபோது கொடிகள் வளைந்திருந்தன,
படகின் ஒரு பக்கம் போல.
ஆறு இப்போது முந்நூறு மீட்டர் தள்ளி ஓடுகிறது.

மேட்டூர் திறந்து ஒன்பது நாள்.
எங்கள் குழியின் தென்கிழக்கு மூலையில்
ஈரம் கசியத் தொடங்கிவிட்டது.
வயலில் நாளை உழவு. குறுவை யாருக்கும் காத்திருக்காது.

பதிவேட்டைத் திறந்தேன்.
கண்டெடுத்தவர்: ந. பக்கிரிசாமி.
ஆழம் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
கையை நீட்டுங்கள் என்றேன்.
டேப்பை விரல் நுனியில் பிடித்து
முழங்கை வரை இழுத்தேன்.
நாற்பத்தாறு.
கொஞ்சம் கீழே என்றாரே, அது எவ்வளவு என்று
இருவரும் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தோம்.